சிங்கள எழுத்தில் வந்த தமிழ்க் கடிதங்கள்

அந்த அக்கா முதல்முறை எங்கள் காப்பகத்துக்கு வந்தபோது கடிதங்களை ஒரு பால்மா டின்னுக்குள் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்ததும் பூஞ்சணம் பிடித்த தாளின் வாசனை மூக்கில் ஏறியது. கண்டியின் ஈரத்துக்குத் தாள் நிற்காது. சில கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அட்டை மாதிரி ஆகியிருந்தன.

கண்டி நகரத்துக்கு மேலே, சரிவில் நிற்கும் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் காப்பகம் இருக்கிறது. போர்க்காலத்தில் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் அவர்களுடைய நாட்குறிப்புகளையும் சேகரித்து, தூசு தட்டி, துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. பெரும்பாலும் கண்டியைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களிலிருந்து வருபவை. வடக்கில் மற்றப் பக்கத்தில் நின்று சண்டை போட்ட தமிழ்ப் பிள்ளைகள் எழுதியவையும் கொஞ்சம் உண்டு. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். சிங்களமும் தமிழும் ஓட்டமாக வாசிப்பேன் என்பதால் என்னை எடுத்தார்கள். பொறுப்பாக இருப்பவர் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்களப் பெண்மணி. எல்லோரும் மேடம் என்போம். அவர் என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்பார்.

சேர்ந்த புதிதில் தாளில் இருக்கும் கறைகளை நான் தேயிலைச் சாயம் என்றே நினைத்தேன். இரத்தம் பழசானால் அதே நிறம்தான். குறிப்பேட்டில் 'தேநீர்க் கறை' என்று எழுதியதை மேடம் திருத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. பிறகு பழகிவிட்டது. குண்டு துளைத்த நாட்குறிப்பு ஒன்று எங்களிடம் இருக்கிறது. முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரே ஓட்டை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை. அதையும் பக்கம் பக்கமாக நான்தான் ஸ்கேன் செய்தேன்.

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். குண்டசாலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காராமல் சுற்றிவந்து அடுத்த பக்கத்தில் நின்றார்.

"இந்தக் காது கேக்காது புள்ள. நீங்க இந்தப் பக்கம் ஒக்காருங்க" என்றார். நான் இடம் மாறி உட்கார்ந்தேன்.

"இதெல்லாம் என் வீட்டுக்காரர் சண்டையில இருந்தப்ப எழுதுனது. எழுத்து சிங்களம், பேச்சு தமிழு. சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. வாசிச்சவங்க செத்துட்டாங்க. இங்க வச்சுக்கங்க. ஆனா ஒருவாட்டி எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

எனக்கு விளங்கவில்லை. மேலே கிடந்த தாளை எடுத்துப் பார்த்தேன். உருண்டையான சிங்கள எழுத்து. மனதுக்குள் கூட்டி வாசித்தேன். 'நான் சொகமா இருக்கு. நீ சொகமா? பாப்பா பால் குடிச்சு?'

அக்கா சிரித்தார். "அப்பிடித்தான் பேசுவாரு" என்றார்.

அவர் பிறந்தது ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே மலையுச்சியில் இருந்த தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குக் காவலாக வந்த சிப்பாய்களில் ஒருவர்தான் அவருடைய புருஷன். சிங்களவர். தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பாதையில் இவரைப் பார்த்திருக்கிறார். தமிழும் இவரிடமே கற்றுக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் அக்காவின் அப்பா அவரை மரத்தில் கட்டிவைத்து கொழுந்துக் கூடையின் கயிற்றால் அடித்தார். கட்டை அவிழ்த்த அன்றே அக்கா அந்தச் சிப்பாயோடு கிளம்பி குண்டசாலைப் பக்கத்தில் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டார். பையன் பிறந்த பிறகு புருஷனை வடக்குக்கு அனுப்பினார்கள்.

அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. இவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதனால் தமிழ்ப் பேச்சைச் சிங்கள எழுத்தில் எழுதி, லீவில் ஊருக்கு வருகிறவன் கையில் கொடுத்துவிடுவார். மாமியார் அதை வாசித்துக் காட்டுவார்.

"மாமிக்குத் தமிழ் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி சத்தமா எழுத்துக்கூட்டி வாசிப்பாங்க. மகன் எழுதுனதுன்னு மொகமெல்லாம் சிரிப்பு. வாசிச்சு முடிச்சுட்டு என்னா எழுதியிருக்கான்னு கேப்பாங்க. சொகமா இருக்காராம்னு சொல்லுவேன்."

டின்னை என் பக்கம் நகர்த்தினார்.

"எது எழுதியிருந்தாலும் அதான் சொல்லுவேன்" என்றார்.

ஒட்டியிருந்த தாள்களைப் பிரிக்கச் சில வாரங்கள் ஆயின. ஈரம் உறிஞ்சும் தாளுக்கு நடுவில் வைத்து, மெல்லிய தகட்டை உள்ளே விட்டு, மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் எழுத்து அடுத்த தாளோடு போய்விடும். ஒரு கட்டுப் பிரிந்ததும் அக்காவுக்குச் சொல்லி அனுப்புவோம். அவருக்குக் கேட்கும் காதுப் பக்கமாக நான் உட்கார்ந்து வாசிப்பேன்.

முதல் கடிதங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. பருப்பு வேகவில்லை, சப்பாத்துக்குள் தண்ணீர், பாம்பு. இரண்டாவது கட்டில்தான் இது இருந்தது. அவர் எழுதியபடியே தருகிறேன்.

'வீடு நெருப்பு வச்சு. உள்ள ஆள் இருக்கு தெரியாது. கெளவன் ஒண்ணு வெளிய வந்து. தம்பி தம்பி சொல்லி. கையில கொடை இருக்கு. துவக்குன்னு நெனச்சு சுட்டு. கெளவன் விளுந்த பொறகும் தம்பி சொல்லி. மத்தவங்களுக்கு அது சத்தம். எனக்கு தம்பி.'

அக்கா தலையைச் சாய்த்தபடி அப்படியே இருந்தார்.

"மாமி இத வாசிக்கிறப்ப நான் பையனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். "தம்பிங்கிற சொல்லு மாமிக்குத் தெரியும். கடைக்காரத் தம்பின்னு சொல்லுவாங்கல்ல. தம்பி தம்பின்னு வருதே, யார் தம்பின்னு கேட்டாங்க. கூட இருக்கிற பையன்னு சொன்னேன்."

தமிழைப் பேச்சில் மட்டும் பிடித்த சிங்களவர்களுக்கு வினைச்சொல்லின் வால் வராது. அடித்தேன், அடித்தான், அடித்தார்கள் எல்லாமே அவர்களுக்கு 'அடிச்சு'தான். அவருடைய கடிதங்கள் முழுக்க அப்படித்தான். நெருப்பு வச்சு. சுட்டு. அடிச்சு. யார் வைத்தது, யார் சுட்டது என்று தாளில் இல்லை. ஸ்கேனோடு சேர்த்துத் தமிழ் எழுத்தில் ஒரு பிரதி தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் அக்காவிடம் கேட்டேன்.

"யார் சுட்டதுன்னு ஒங்ககிட்ட சொல்லியிருக்காரா அக்கா?"

"நான் கேக்கல. அவரு எழுதுன மாதிரியே எழுதுங்க."

மழை விடாமல் பெய்த ஒரு காலைப்பொழுதில் அடுத்த கட்டை எடுத்தோம். முகாமில் அக்காவின் புருஷனுக்குத் தமிழ் தெரியும் என்று மேலதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. பிடித்துவரும் ஆட்களை விசாரிக்க அவரை மொழிபெயர்க்க வைத்திருக்கிறார்கள். 'இப்ப நான் வாய் வேலை' என்று எழுதியிருந்தார். அந்த வரியோடு தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"முடியல அக்கா. இன்னொரு நாள் பாப்போம்" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் அண்ணன் சம்பந்தப்பட்டது இது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் காலையில் இராணுவம் எங்கள் லயங்களை வளைத்தது. ஆண்களையெல்லாம் பிரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்தத் திடலுக்கு, இழுத்துப்போய் முழங்காலில் நிறுத்தினார்கள். ஜீப்புக்குள், ஆள்காட்டுவதற்கென்று, தலையைச் சாக்கால் மூடிய ஒருத்தன் இருந்தான். அவன் தலையாட்டினால் அந்த ஆளைத் தூக்கி ஏற்றினார்கள். அண்ணனைப் பார்த்து ஆட்டினான். அம்மா சிப்பாயின் காலைப் பிடித்தார். அவன் சப்பாத்துக் காலை உதறியதில் அம்மாவின் முன்பல் உடைந்து மண்ணில் விழுந்தது. நான் அதைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கென்று இன்றைக்கும் தெரியவில்லை.

அண்ணனுக்கு வடக்கு எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. கண்டியில் மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். திரும்பி வந்தபோது வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. முதுகில் வயரால் அடித்த கோடுகள் காய்ந்து கறுத்திருந்தன. கையைப் பின்னால் கட்டி, அந்தக் கட்டிலேயே மேலே தூக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி அவன் பேசியது மிகக் குறைவு. ஒன்று மட்டும் பல தடவை சொல்லியிருக்கிறான்.

"அடிச்சவனுங்க மொகம் ஞாபகமில்ல. தமிழ்ல கேட்டானே, அவன் வாய் மட்டும் அப்பிடியே இருக்கு. அடுத்தது என்னா சொல்லப் போறான்னு அந்த வாயையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் தேநீரைக் கீழே வைத்தான்.

"ஒன்னோட வேலை அது. வாசி. எங்கிட்ட வந்து சொல்லாத" என்றான்.

அடுத்த முறை அக்கா வந்ததும் நானே தாளை எடுத்தேன்.

'ஒரு ஆள் கொண்டு வந்து. மீன் வலை கட்டுற ஆள். அவனுங்க எங்க கேக்கச் சொல்லி ஐயா சொல்லி. நான் கேட்டு. அந்த ஆள் சொல்லி, போட்டினம். ஐயா கேட்டு என்ன சொல்றான். நான் சொல்லி, போட்டாங்களாம். மிதிவெடி. ஐயா எங்க போட்டு கேட்டு. அடிச்சு. போட்டினம், எல்லாரும் போட்டினம் சொல்லி. வெரல் ஒண்ணு ஒண்ணா ஒடச்சு. போட்டினம் சொல்லி. தலகீளா கட்டி தண்ணி ஊத்தி. போட்டினம் சொல்லி. சாயங்காலம் சத்தம் இல்ல. நாங்க மூணு நாள் அந்த ரோட்டுல மிதிவெடி தேடி. ஒண்ணும் இல்ல.'

வடக்கிலிருந்து வந்த கடிதங்களோடு வருஷக்கணக்காக இருக்கிறேன். அந்தச் சொல் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் போட்டினம் என்றால் போய்விட்டார்கள் என்று அர்த்தம். மலைநாட்டுக் காதுக்கு அது எதையோ போட்டது, வைத்தது, புதைத்தது.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"அடுத்தது எடுங்க புள்ள" என்றார். "அதுல எழுதியிருப்பாரு."

அடுத்தது சிகரெட் அட்டையைப் பிரித்து அதன் உட்பக்கத்தில் எழுதியிருந்தது. எழுத்து கோணலும் மாணலுமாக ஓடியது.

'சோதனைச் சாவடியில ஒரு பொம்பள. ஒன் புருசன் எங்க கேட்டு. அவர் வேலைக்குப் போட்டார் சொல்லி. கை ரோட்டைக் காட்டி. திரும்ப கேட்டு. திரும்பவும் ரோட்டைக் காட்டி போட்டார் சொல்லி. போட்டார்னா போயிட்டார். அந்த ஆள் சொன்னது அதுதான். எல்லாரும் போயிட்டாங்க. உண்மை சொல்லி. நான் மாத்தி சொல்லி. அடிச்சது அவங்க. கொன்னது என் வாய்.'

அதன் அடியில் வேறு பேனாவில் இரண்டு வரி இருந்தது. 'பாப்பாவுக்கு தமில் சொல்ல வேணாம். தெரியாட்டி சத்தம். தெரிஞ்சா ஆள்.'

மேடம் அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் அழுவதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மாமி இதையும் வாசிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"வாசிச்சாங்க. சொகமா இருக்காராம்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு அவர் லீவில் வந்தாராம். பேச்சில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரு மத்தியானம் அக்கா சமைத்து முடித்து, தட்டை வைத்துவிட்டு, எல்லா வீட்டிலும் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டிருக்கிறார்: "சோறு போட்டுட்டேன், வாங்க."

படுத்திருந்தவர் எழுந்து வந்து அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையால் அக்காவின் தலையில், காதுப் பக்கமாக அடித்தார். விழுந்தவரை மறுபடியும் அடித்தார். "எங்க, எங்க" என்று தமிழில் கேட்டுக்கேட்டு அடித்தார். மாமியார் ஓடிவந்து மகனுடைய கையைக் கடித்து இழுத்த பிறகுதான் நின்றது. காதிலிருந்து ஓடிய இரத்தம் சோற்றுத் தட்டில் விழுந்தது. சின்னப் பையன் கதவோரத்தில் நின்று கத்தினான்.

"அப்பறம் என் தலைய மடியில வச்சுக்கிட்டு அழுதாரு" என்றார் அக்கா. "நான் அடி வாங்குனவ. வெறுத்திருக்கணும். வெறுத்தேன். பாவமாவும் இருந்திச்சு. ரெண்டும் ஒண்ணா இருக்கலாம்னு யாரு நம்புவா?"

அந்த லீவு முடிந்து போனவர் திரும்பவில்லை. சவப்பெட்டி மூடி முத்திரையிட்டு வந்தது. திறக்கக்கூடாது என்று கூட வந்த அதிகாரி சொன்னார். மாமியார் தேங்காய் பிளக்கும் கத்தியை எடுத்துவந்து மூடியைக் கொத்தினார். நாலு சிப்பாய்கள் பிடித்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் மூடியின் ஒரு மூலை பெயர்ந்தது. உள்ளே இருந்தது ஒரு ஆளின் அளவுக்கு இல்லை. மாமியார் பெட்டியிலேயே நெற்றியை மோதி மயங்கி விழுந்தார். பையனுக்கு அது நினைவில்லை. அவன் நினைவில் இருப்பது சிப்பாய்கள் வரிசையாக நின்று வானத்தை நோக்கிச் சுட்டது மட்டும்தான்.

அந்தப் பையன்தான் இப்போது வளர்ந்து குண்டசாலையில் த்ரீவீலர் ஓட்டுகிறான். பின்கண்ணாடி முழுக்கச் சீருடையில் அப்பாவின் படம். தமிழ் தெரியாது. அக்கா சொல்லிக்கொடுக்கவில்லை. கடிதத்தில் சொன்னதைக் கேட்டு நடந்தார். விறகுக் கட்டையும் அவன் நினைவில் இல்லை; காது போனது காய்ச்சலில் என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தார்.

கடிதங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சம்மதமா என்று கேட்க எங்கள் அலுவலகத்திலிருந்து போன் செய்தபோது எடுத்தது மகன். அப்பாவின் கடிதங்கள் தமிழ் அலுவலகம் ஒன்றுக்குப் போய்விட்டன, இன்டர்நெட்டில் போட்டு அப்பாவைக் கொலைகாரன் என்று காட்டப்போகிறார்கள் என்று அதன் பிறகு யாரோ அவனுக்கு ஏற்றிவிட்டார்கள்.

அவன் வந்தபோது அக்காவும் இருந்தார். நான் சிகரெட் அட்டைக் கடிதத்தை மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனரின் அழுத்துக் கண்ணாடிக்குக் கீழே சரிப்படுத்திக்கொண்டிருந்தேன். படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவு சுவரில் மோதித் திறந்தது.

"கொடு" என்றான். சிங்களத்தில்தான் பேசினான். "அது என் அப்பாவோடது. கொடு."

மேடம் எழுந்து, "மகனே, உட்கார், பேசுவோம்" என்றார். அவரை ஒரு கையால் தள்ளிவிட்டு என் மேசைக்கு வந்தான். கண்ணாடிக்குக் கீழே கையை விட்டு அட்டையைப் பிடித்து இழுத்தான். பாதி அவன் கையோடு போனது. பாதி கண்ணாடிக்கடியில் நின்றது. அதைக் காப்பாற்ற நான் கண்ணாடியை அழுத்திப் பிடித்தேன். அவன் அந்தத் தட்டையே பெயர்த்துத் தூக்கி மேசை விளிம்பில் அடித்தான். என் முன்கையில் சில்லுகள் ஏறின. முதலில் வலிக்கவில்லை. சூடாக மட்டும் இருந்தது.

"தமிழ்ப் பிசாசு, அம்மாவுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்?" என்று கேட்டபடி என் முகத்தை நோக்கிக் கையை ஓங்கினான்.

அக்கா நடுவில் வந்தார். அடி அவருக்கு விழுந்தது. கேட்காத காதுப் பக்கம். தடுமாறிப்போய் இரும்பு அலுமாரியின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டு சரிந்தார். புருவத்துக்கு மேலே தோல் வாய் பிளந்த மாதிரித் திறந்து, இரத்தம் கண்ணுக்குள் ஓடியது.

அவர் தரையில் இருந்தபடியே தமிழில் கத்தினார். "ஒங்கப்பன் அடிச்ச எடத்துலயே அடிக்கிறியாடா? விறகுக் கட்டையால அடிச்சு அவரு காதைப் புடுங்குனாரு. நீ என்னத்தைப் புடுங்கப் போற?"

"சிங்களத்தில் சொல்லு" என்று அவன் அலறினான். "எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லு."

அக்கா சிங்களத்துக்கு மாறவில்லை. அதையே மறுபடியும் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

என் கையிலிருந்து இரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. என்னை அடிக்க வந்தவன் முன்னால் நிற்கிறான். ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் அவனிடம் சொன்னேன்.

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காய்ச்சலில் போனது என்றார்களே" என்றான்.

அவனுடைய கை அப்படியே கீழே இறங்கியது. திரும்பிப் படியில் இறங்கிப் போனான். கிழித்த பாதி அவன் கையில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குச் சில்லுகளை எடுத்துத் தைத்தார்கள். அக்காவுக்குப் புருவத்தில் தையல். வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னார். பொலிஸுக்குப் போக வேண்டும் என்று மேடம் நின்றார். எனக்கும் ஆத்திரம்தான். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார். என்னைக் கூட்டிப்போக அண்ணன் வந்தான். கட்டுப்போட்ட என் கையைப் பார்த்தான். பக்கத்துக் கதிரையில் இருந்த அக்காவையும் பார்த்தான்.

"இவங்கதானா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"நான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா மகன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவரை அடித்த அப்பா இறந்த பிறகு அவருடைய தம்பி அவரோடு பேச ஆரம்பித்திருந்தார். ஹேவாஹெட்டவில் அந்தத் தம்பியின் லயத்து வீட்டுக்குப் போனார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் அவன் வந்தான். இந்தமுறை படியில் மெதுவாக ஏறிவந்தான். கிழிந்த பாதியைப் பத்திரிகைத் தாளில் மடித்து வைத்திருந்தான். மேடம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவன் என் கையைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"இதில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றான்.

இரண்டு பாதிகளையும் மேசையில் பொருத்திவைத்தேன். அவனுக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து, விளங்காத பேச்சு. அவனே எழுத்துக்கூட்டி வாசித்தான், அவனுடைய ஆச்சி வாசித்த மாதிரியே இருந்திருக்கும். நான் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொன்னேன். அதற்கு முந்தைய, வலை கட்டுகிறவரைப் பற்றிய கடிதத்தையும் எடுத்துச் சொன்னேன். போட்டினம், போட்டார் என்ற இடங்களில் சிக்கல் வந்தது. சிங்களத்தில் போவதற்கும் போடுவதற்கும் உள்ள சொற்களில் எந்த ஒட்டும் இல்லை. ஒன்றை மற்றதாகக் கேட்க வழியே கிடையாது. தாளில் எழுதி, உச்சரித்துக் காட்டி, மறுபடி மறுபடி விளக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் எழுந்து வெளியே போய்ப் பூச்சட்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

"அந்த ஆளுக்குப் பெயர் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டான்.

"இல்லை."

"வேறு கடிதத்தில்?"

"எதிலும் இல்லை. மீன் வலை கட்டுகிறவர் என்று மட்டும்தான்."

தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்ற வரியையும் சொன்னேன். பாதித் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனான். அம்மாவைப் பார்க்கப் போனானா என்று கேட்டால் ஒரு தடவை போனான், வாசலில் நின்று பேசிவிட்டு வந்தான் என்றுதான் அக்கா சொல்கிறார்.

மிச்சமிருந்த கடிதங்களோடு நானே ஹேவாஹெட்டவுக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்குள்ளே பிள்ளைகள் சத்தம் என்பதால் வெளியே தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து வாசித்தேன். அக்காவின் புருவத்துத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. கடைசிக் கடிதத்தில் மழையைத் தவிர ஒன்றுமில்லை. முடித்த பிறகு, இவற்றை என்ன செய்வது, யாருக்குக் காட்டலாம் என்று கேட்டேன். இதைப் பற்றி நான் எழுதலாமா என்றும் கேட்டேன்.

"யார் பேரும் போடாம எழுதுங்க. எழுதுனா தப்பில்ல" என்றார். "தாளை மட்டும் சும்மா பாக்க வர்றவங்களுக்குக் காட்ட வேணாம்."

"அப்ப யாருக்குத்தான் காட்டுறது அக்கா?"

யோசிக்காமல் பதில் சொன்னார். எப்போதோ முடிவுசெய்து வைத்திருந்திருக்கிறார்.

"வடக்கிலேருந்து யாராச்சும் வந்து, எங்கப்பா வலை கட்டிக்கிட்டு இருந்தாரு, புடிச்சுட்டுப் போனாங்க, திரும்பி வரலன்னு கேட்டா, அவங்களுக்கு எல்லாத்தையும் காட்டுங்க. ஒங்கப்பா யாரையும் காட்டிக்குடுக்கலன்னு சொல்லுங்க. போயிட்டாங்கன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாருன்னு சொல்லுங்க."

"ஒங்க வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டா?"

"இருக்கிறதைச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். அந்தக் கோப்பு இப்போது அந்த நிபந்தனையோடு இருக்கிறது. தேடுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று மேடம் மூன்று மொழியிலும் ஒரு குறிப்பு எழுதிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.